சுவரைப் பிடி, சீலிங்கை விடு

எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், சுவரும் கூரையும் சந்தித்ததே இல்லை. பலகைத் தடுப்பு ஏழடியில் நின்றுவிடும். அதற்கு மேலே வெற்றிடம், அதற்கும் மேலே தகரம். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். யார் வீட்டில் என்ன சண்டை என்பது பத்து வீட்டுக்கும் தெரியும். அம்மா அந்த வீட்டில் 14 வருடம் குடும்பம் நடத்தியவர். அப்பா சேமநிதிப் பணத்தை எடுத்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வாங்கி, சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, அம்மா முதலில் செய்தது ஹாலின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்ததுதான். நான்கு சுவரும் மேலே போய் சீலிங்கைத் தொட்டு அடைத்திருந்தன. "இனிமே நம்ம பேச்சு நம்ம வீட்டோட" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தச் சுவரும் சீலிங்கும் சேரும் இடம்தான் போன வருடம் கெட்டுப்போனது. நாற்பது வருடமாக அங்கே ஒரு கால்வட்டக் கட்டை ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் அங்குல மரக்கட்டை, வெள்ளைச் சாயம், அவ்வளவுதான் அலங்காரம். ஒரு நாள் ஒட்டடை அடிக்கும்போது குச்சி கட்டைக்குள் புகுந்துவிட்டது. வெளியே சாயத்தோல் மட்டும் மிச்சம், உள்ளே முழுக்க மண். கறையான்.

இந்தப் பக்கத்துத் தாமான்கள் பெரும்பாலும் பால்மரக் (ரப்பர்) காடாக இருந்த நிலம். 1877இல் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ பக்கத்திலுள்ள கோலகங்சாரில் கன்று நட்டதிலிருந்து இந்த வட்டாரத்துக்கும் பால்மரத்துக்கும் உறவு. மரத்தை வெட்டி வீடு கட்டினாலும் வேர் மண்ணுக்குள் கிடக்கும்; கறையானும் அதோடு கிடக்கும். பால்மரத்தையே உள்ளிருந்து தின்று சாய்க்கிற இனத்துக்கு ஒரு கால்வட்டக் கட்டை எந்த மூலைக்கு? கறையான் மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட்டு முதலில் அதை முடித்தேன். புற்றோடு ஒழிக்காமல் மேலே எதைப் பொருத்தினாலும் வீண்.

கட்டை போன இடத்தில் சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. சில இடத்தில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று), சில இடத்தில் அரை அங்குலம். பல்லி அதற்குள் போய் வந்தது. அம்மா தினமும் அதையே பார்த்தார். தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது. சரி, இந்த முறை வெறும் கட்டை வேண்டாம், சுவரும் சீலிங்கும் சேரும் மூலையை மறைக்கும் அலங்காரப் பட்டையான நல்ல கார்னிஸாகவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆள் வைத்துச் செய்யாததற்குக் காரணம் உண்டு. படுக்கையறையில் இரண்டு வருடத்துக்கு முன் ஒருவரை வைத்து பிளாஸ்டர் கார்னிஸ் போட்டோம். பூவேலையோடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் சுவரோரமாக மயிரிழை விரிசல் விட்டது. பிளாஸ்டர் மாவு வாங்கி நானே பூசினேன். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடியும் விரிசல். இரண்டாவது முறை மாவு குழைத்தபோது வாளியிலேயே இறுகிப்போனது. பிறகுதான் மாமா சொன்னார், வாளியில் பழைய பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் புதுசு சட்டென்று இறுகிவிடும், ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும் என்று. காரணம் சுலபம்: ஜிப்சத்தைச் சுட்டு அதிலுள்ள நீரில் முக்கால் பங்கைப் போக்கினால் இந்த மாவு. தண்ணீர் சேர்த்ததும் அது மறுபடியும் ஜிப்சப் படிகமாக மாறுகிறது. பழைய துணுக்கு ஒவ்வொன்றும் புதுப் படிகத்துக்கு விதை. விதை கூடினால் வேகமும் கூடும்.

வாளியைக் கழுவினேன், நிதானமாகப் பூசினேன், நன்றாக இறுகியது. அதுவும் வெடித்தது. அப்போதுதான் தவறு பூச்சில் இல்லை என்று புரிந்தது.

நான் பாமாயில் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓர் இடத்தில் விரிசல் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே ஏதோ அசைகிறது என்று அர்த்தம். அசைவதை அளந்து பார்த்துவிட்டுத்தான் கையை வைப்போம். அதையே வீட்டிலும் செய்தேன். மதியம் மூன்று மணிக்கு ஏணியில் ஏறி, சீலிங் தகட்டின் அடி எங்கே நிற்கிறதோ அங்கே கூரான பென்சிலால் சுவரில் ஒரு கோடு. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் அரை நூல் இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர். ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் கொட்டியபோது மறுபடியும் பார்த்தேன், கூடுதலாக ஒரு பென்சில் கோட்டுப் பருமன்.

சுவர் செங்கல்லும் சிமெண்டும். அது இருந்த இடத்தில் இருக்கிறது. சீலிங் தொங்குவது கூரை மரச்சட்டத்தில். பகலெல்லாம் ஓடு காய்ந்து அந்தச் சட்டங்கள் வேகின்றன, சாயங்காலம் இடிமழை வந்து குளிர்கின்றன, ஈரக்காற்றைக் குடித்து உப்புகின்றன. இப்படி ஒன்று நிற்க, இன்னொன்று மூச்சு விட, இரண்டையும் சேர்த்து ஒரு கட்டியான பொருளை ஒட்டினால் அது எங்காவது வெடித்தே ஆகும். பழைய கால்வட்டக் கட்டை நாற்பது வருடம் விரிசல் விடாமல் இருந்ததும் அதனால்தான். அது சீலிங்கில் மட்டும் ஆணி அடிக்கப்பட்டிருந்தது. சுவரில் சும்மா சாய்ந்து, சீலிங்கோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

ஆக, கார்னிஸை ஒரு பக்கம்தான் கட்ட வேண்டும். எந்தப் பக்கம் என்பதில் எனக்கு யோசனை தேவைப்படவில்லை. இந்த வீடு 1983இல் கட்டியது. சீலிங் நாலுக்கு நாலு அடி தட்டைத் தகடு. அந்தக் காலத்துத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சாயம் பூசி, உடையாமல், சும்மா இருக்கும் வரை அதனால் தொந்தரவில்லை. துளை போட்டாலோ, அறுத்தாலோ, உப்புத்தாள் தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் கிளம்பும். அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வருவது பல வருடம் கழித்து வரும் நோய். அதனால் சீலிங்கில் ஒரு ஆணி கூட இல்லை என்று முடிவு. பழைய கட்டையின் ஆணிகளைக் கூடப் பிடுங்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நீட்டிக்கொண்டிருந்த பகுதியை மட்டும் கட்டரால் ஒட்ட வெட்டினேன். பழைய வீட்டில் இந்த வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அழகுக்காகச் செய்கிற வேலையில் யாருடைய மூச்சும் கெடக்கூடாது.

அப்புறம் எந்தப் பொருள் என்ற கேள்வி. ஈப்போவில் இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன்.

பிளாஸ்டர் மலிவு, நேர்த்தி, தீப்பிடிக்காது. ஆனால் கனம். எட்டடி நீளத்தை ஒரு ஆள் ஏணியில் நின்று பிடிக்க முடியாது, ஒட்டாமல் நிறுத்தவும் முடியாது. மரம் எனக்குப் பிடித்தது. மெராந்தியில் இழைத்த கார்னிஸைத் தடவிப் பார்த்தால் விட்டுவர மனம் வராது. கறையான் கண்ட வீட்டில் அது வேண்டாம். அரைத்த மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வரும் கார்னிஸ், கூரை ஒருமுறை ஒழுகினால் ரொட்டி மாதிரி ஊதிவிடும். தெர்மோகோல் மாதிரியான வெள்ளை நுரைக் கார்னிஸ் எல்லாவற்றையும்விட மலிவு, இறகு போல லேசு. ஆனால் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், சில பசைகள் பட்டால் கரைந்தே போகும், தீப்பட்டால் உருகிச் சொட்டும். சாமி மேடையில் விளக்கு எரிகிற ஹாலில் அதை நான் வைக்கமாட்டேன்.

கடைசியில் எடுத்தது பாலியூரித்தேன், கடையில் பியூ கார்னிஸ் என்று கேட்டால் தருவார்கள். அடர்த்தியான நுரைதான், மேல்தோல் கெட்டி. கறையான் தின்னாது, ஈரத்தில் ஊதாது, எட்டடித் துண்டை ஒரு கையில் தூக்கலாம், மரம் அறுக்கிற வாளாலேயே அறுக்கலாம். விலைதான் பிளாஸ்டரைவிட நன்றாகவே கூடுதல். இதுவும் எரியக்கூடியதுதான் என்பதால் சாமி மேடையை அரையடி முன்னால் இழுத்து, விளக்குக்கு மேலே நேராகக் கார்னிஸ் வராதபடி வைத்தேன்.

வடிவம் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நாள் ஆனது. அம்மாவுக்குப் பூவேலை ஆசை. எங்கள் கோயிலில் அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் சாரத்தில் நின்று சுதை வேலை செய்துகொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் ஒருவரிடம் கார்னிஸ் துண்டைக் காட்டி யோசனை கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவர் முடிந்து மேல்பாகம் தொடங்கும் இடத்தைக் காட்டினார்: உத்திரம், அதன்மேல் சன்னமாக ஒரு வாஜனம், அதன்மேல் வெளியே வளைந்து வரும் வலபி, எல்லாவற்றுக்கும் மேல் தாழ்வாரம் போல வளைந்து இறங்கும் கபோதம்.

"அண்ணே, நீங்க கையில வச்சிருக்கிறது எங்க வலபிக்குத் தம்பி மாதிரி. இதுல பூவைப் பாக்காதீங்க, நிழலைப் பாருங்க. கீழ நின்னு பாக்கிறவனுக்கு நிழல்தான் தெரியும்."

சொன்னதோடு நில்லாமல், துண்டைச் சுவரோரம் தலைக்கு மேலே பிடித்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். பூவேலை செய்த துண்டில் நிழல் சிதறி ஒன்றும் புரியவில்லை. பூ இல்லாத துண்டில், கீழே ஒரு சிறு படி, நடுவில் எஸ் போல ஒரு வளைவு, மேலே இன்னொரு படி. மூன்று தெளிவான கோடுகள் விழுந்தன. அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. வீட்டில் அம்மாவுக்கும் அதே மாதிரி விளக்கடித்துக் காட்டினேன். சாம்பிராணிப் புகையும் தூசும் பூவிதழ்களுக்குள் போய் உட்காரும், யார் ஏறித் துடைப்பது என்றும் சொன்னேன். இரண்டாவது காரணம்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது.

அளவுக்கு அட்டைப்பெட்டியை வெட்டி மூலையில் ஒட்டிப் பார்த்தேன். எங்கள் ஹால் ஒன்பதரை அடி உயரம். ஐந்து அங்குல அட்டை சீலிங்கையே கீழே இறக்கியது போல இருந்தது. இரண்டு அங்குலம் கண்ணிலேயே படவில்லை. சுவரில் மூன்று, சீலிங்கில் மூன்று என்று நிற்கும் கார்னிஸ் சரியாக இருந்தது. அட்டையை ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். காலையில் காப்பி குடிக்கும்போது உறுத்துகிறதா இல்லையா என்பது தானாகத் தெரியும்.

ஹால் 16 அடிக்கு 11 அடி. ஒரு சுவரின் நடுவில் ஐந்து அங்குலம் துருத்தி நிற்கும் தூண். சுற்றளவு கிட்டத்தட்ட 55 அடி. ஒரு துண்டு 2.4 மீட்டர், ஏழு துண்டு கணக்குக்குச் சரியாக வரும். சரியாக வருகிற கணக்கை நம்பி வாங்கக்கூடாது. ஒன்பது வாங்கினேன்.

மாமாவைக் கூட்டி வந்தேன். அம்மாவின் அண்ணன். தோட்டத்தில் ஆசாரியாக இருந்தவர், 76 வயது. ஏணியில் ஏற விடவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலையை நடத்தினார். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயின் ஒரு நுனியை என்னிடமும் மறு நுனியை என் அக்கா மகனிடமும் கொடுத்து நான்கு மூலைக்கும் மட்டம் எடுத்தோம். சீலிங் ஒரு மூலையில் மூன்று நூல் தாழ்ந்திருந்தது. நான் மட்டத்துக்கே கோடு அடிக்கப் போனேன்.

"மாப்ளே, கார்னிஸ் மட்டமா போனா சீலிங் கோணல்னு ஊருக்கே தெரியும். சீலிங்கோடயே அதை இறக்கி விடு. மூணு நூலும் பதினாறு அடிக்குள்ள போயிடும், யாருக்கும் தெரியாது."

கண் கார்னிஸை சீலிங்கோடுதான் ஒப்பிடும், ரசமட்டத்தோடு இல்லை. அந்தச் சுவரில் சாக்கட்டி நூலைச் சாய்வாகவே அடித்தோம். பியூ வளைந்து கொடுக்கும் என்பதால் நடுவிலிருந்த சின்னத் தொய்வுகளும் அடங்கிவிட்டன.

அடுத்தது பிடிமானம். இரண்டுக்கு இரண்டு அங்குல மரச்சட்டத்தை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைவிட்டமாகப் பிளந்தேன். 18 துண்டு, 36 முக்கோணம். கறையான் மருந்தில் தோய்த்து இரண்டு நாள் காய வைத்தேன். இரண்டடிக்கு ஒன்று, ஒவ்வொரு மூலைக்கும் இருபுறம் ஒவ்வொன்று என்று, நேர்ப்பக்கம் சுவரில் படும்படி ஸ்க்ரூ போட்டேன். சுவரில் ஆறு மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக். முக்கோணத்தின் மேல்பக்கம் சீலிங்கைத் தொடாமல் அரை அங்குலம் கீழே நிற்கும். கார்னிஸின் முதுகு அந்தச் சாய்வில் வந்து அப்படியே படுத்துக்கொள்ளும். கார்னிஸுக்கு ஆணி அடிப்பது இந்த முக்கோணத்தில். பசை தடவுவது சுவரில் படும் விளிம்பில். சீலிங்கில் படும் விளிம்பில் ஒன்றுமே இல்லை. இந்த வேலை முழுவதற்கும் உயிர் இந்த முக்கோணங்கள்தான். முடிந்த பிறகு ஒன்று கூட வெளியே தெரியாது.

இனி வெட்டு. கார்னிஸ் சுவரில் சாய்ந்து நிற்பதால் அதைப் படுக்கப்போட்டு 45 பாகை வெட்டினால் சேராது. வாளைக் கோணம் பிசகாமல் ஓட்ட உதவும் வெட்டுப்பெட்டியில் அது சுவரில் எப்படிச் சாய்ந்து நிற்குமோ அப்படியே, ஆனால் தலைகீழாக நிறுத்த வேண்டும். பெட்டியின் அடிப்பலகைதான் சீலிங், நிற்கும் பலகைதான் சுவர். சீலிங் விளிம்பு கீழே, சுவர் விளிம்பு மேலே. தலைகீழாவதால் இடமும் வலமும் மாறும். நான் முதல் துண்டில் இதைத் தவறவிட்டேன். மேலும் கீழும் ஒரே மூன்று அங்குலம் என்பதால் துண்டை நேராகவே வைத்து அறுத்துவிட்டேன். மேலே தூக்கிப் பிடித்தபோது வளைவு எதிர்ப்பக்கம் பார்த்தது. ஒரு முழு நீளம் போனது. அதற்குப் பிறகு பெட்டியின் அடியில் 'சீலிங்' என்றும் பக்கத்தில் 'சுவர்' என்றும் பெரிதாக எழுதி ஒட்டினேன். ஓரடிக் கழிவுத் துண்டுகளில் இடது உள்மூலை, வலது உள்மூலை, இடது வெளிமூலை, வலது வெளிமூலை என்று நான்கு மாதிரி வெட்டிப் பெயர் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு நீளத்தையும் அறுக்கும் முன் மாதிரியோடு பிடித்துப் பார்த்தேன். பிறகு ஒன்று கூடத் தவறவில்லை.

கார்னிஸைப் படுக்கப்போட்டு அறுக்கிற மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: என்னுடையதைப் போல இருபுறமும் 45 பாகையில் சாயும் கார்னிஸ் என்றால், செங்கோண மூலைக்கு மேசையை 35.3 பாகையும் வாளை 30 பாகையும் சாய்க்க வேண்டும். 38 பாகை, 52 பாகை என்று நிற்கும் கார்னிஸுக்கு 31.6, 33.9. இந்த எண்கள் மூலை சரியாக 90 பாகை இருந்தால்தான்.

எங்கள் மூலைகள் அப்படி இல்லை. ஒரு சுவரில் 60 சென்டிமீட்டர், மறு சுவரில் 80 அளந்து குறித்து, குறுக்கே அளந்தால் 100 வர வேண்டும். ஜன்னல் பக்கத்து மூலையில் 101.5 வந்தது. 90க்குப் பதில் கிட்டத்தட்ட 92 பாகை. இரண்டு 45 வெட்டுகளைச் சேர்த்தால் சுவர்ப் பக்கம் ஒட்டி, ஹாலைப் பார்க்கிற முன்பக்கம் ஒரு நூல் வாய் பிளக்கும். புட்டி வைத்து அடைக்கலாம். மாமா தலையை ஆட்டினார்.

"அடைச்சது எல்லாம் ஒரு நாள் வாயத் தொறக்கும். அறுத்து உக்கார வை."

அவர் சொன்ன முறை: முதல் துண்டை நேராக வெட்டி மூலை வரை தள்ளிவிட வேண்டும். இரண்டாவது துண்டை முதலில் உள்மூலைக்கான 45இல் வெட்ட வேண்டும். அப்போது வெட்டு முகத்தின் ஓரத்தில் கார்னிஸின் வளைவு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டிக் கருக்கிக்கொண்டேன். வில் போன்ற சட்டத்தில் சன்ன இலை பூட்டிய சின்ன வாளை எடுத்து, கோட்டை விட்டுவிடாமல், முதுகுப் பக்கம் சற்று உள்ளே சரிந்து அறுத்தேன். கீழ்ப்படியில் நேராக, அப்புறம் வளைவின் வயிற்றில் மெதுவாகத் திருப்பி, முதுகில் ஏறி, மேல்படியில் மறுபடி நேராக. பச்சை வாழைத்தண்டை அறுக்கிற மாதிரி மெத்தென்று போகும். வேகம் கூடினால் ஓரம் பிய்ந்துவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் நூல் விட்டு அறுத்து, மிச்சத்தை வட்ட அரத்தால் தேய்த்தேன். கடைசியில் மிஞ்சுவது முன்பக்கத் தோலின் விளிம்பு மட்டும். அது முதல் துண்டின் முகத்தில், விரலில் மோதிரம் உட்காருவது போல உட்கார்ந்தது. மூலை 90 ஆனாலும் 92 ஆனாலும் அந்த விளிம்புக்குக் கவலை இல்லை.

முதல் மூலைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆறாவது மூலைக்கு இருபது நிமிடம். உள்மூலை மொத்தம் ஆறு: ஹாலுக்கு நான்கு, தூணின் இரு பக்கமும் இரண்டு. தூணின் இரண்டு வெளிமூலைகளில் இந்த வித்தை நடக்காது; அங்கே 45க்கு 45தான். அந்த இரண்டையும் தரையிலேயே பசை போட்டு, மூன்று துண்டுகளையும் ஒரு தொப்பி போலச் சேர்த்து, காய்ந்த பிறகு மேலே தூக்கி மாட்டினோம்.

நீளச் சுவரில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் நேருக்கு நேர் முட்ட விடாமல், இரண்டையும் சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தேன். அந்த இணைப்பு ஒரு முக்கோணத்தின் மேல் வருகிறபடியும், ஜன்னல் வெளிச்சம் நேராக விழாத இடத்திலும் பார்த்துக்கொண்டேன். மூலைக்கு மூலை அளவைவிட ஒரு நூல் கூட்டி வெட்டி, நடுவில் லேசாக வில் போல வளைத்து உள்ளே அமுக்கினால் துண்டு தானே இறுகி நிற்கும்.

மாட்டும்போது சீலிங்கோடு உரசாமல் இருக்க, நாட்காட்டி அட்டையைக் கீற்றாகக் கிழித்து மேல் விளிம்பில் செருகிக்கொண்டோம். ஹால் முழுக்க அரை நூல் சந்து ஒரே சீராக வந்தது. ஆணிகள் ஒன்றரை அங்குலம், தலை சன்னமானவை. பாதி அடித்து, மீதியைப் பஞ்ச் வைத்து உள்ளே இறக்கினேன். சுத்தியலின் முகம் கார்னிஸில் பட்டால் குழி விழும். அக்கா மகன் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்திருந்தான். கடைசித் துண்டு உட்கார்ந்தபோது இரவு ஒன்பது மணி.

அட்டைக் கீற்றுகளை உருவிவிட்டு, அந்தச் சந்தில் அக்ரிலிக் சீலன்ட் ஓட்டினேன். சிலிக்கோன் வாங்கிவிடாதீர்கள், அதன்மேல் சாயம் ஒட்டாது. அக்ரிலிக் காய்ந்த பிறகும் ரப்பர் போல இழுபடும், சாயமும் பிடிக்கும். டியூபின் மூக்கைச் சின்னதாக வெட்டி, ஒரே இழுப்பில் நான்கடி ஓட்டி, ஈர விரலால் ஒரு தடவை தடவினால் போதும். திரும்பத் திரும்பத் தடவினால் பிசிறுதான் வரும். ஆணிக்குழிகளுக்குப் புட்டி, சன்ன உப்புத்தாள். கார்னிஸில் மட்டும் தேய்த்தேன், சீலிங்கில் ஒரு தேய்ப்பு கூடப் படவில்லை.

சாயம் சீலிங்கின் அதே வெள்ளை, மங்கல் பூச்சு, இரண்டு கை. சுவருக்கு அம்மா சந்தன நிறம் சொன்னார். கார்னிஸைச் சுவர் நிறத்தில் அடிக்கிறவர்களும் உண்டு. ஒன்பதரை அடி ஹாலில் வெள்ளைதான் உயரம் கொடுத்தது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன. மாதத்துக்கு ஒரு தரம் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்து நான்கு சுவரையும் பார்க்கிறேன். சீலிங் ஓரத்தில் சீலன்ட் மதியம் லேசாக இழுபட்டும் காலையில் தளர்ந்தும் இருக்கிறது, கிழியவில்லை. உள்மூலை ஆறும் அப்படியே. தூணின் ஒரு வெளிமூலையில் மட்டும் தலைமுடி அளவு ஒரு கோடு வந்தது. தரையில் பசை போட்டபோது கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அதைத் திறந்து மறுபடி பசை வைத்து, நாடா சுற்றி ஒரு இரவு விட்டேன்.

கொஞ்சம் கார்னிஸ் மிச்சம், கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிக் கிடக்கிறது. படுக்கையறையின் பிளாஸ்டர் கார்னிஸை வரும் பள்ளி விடுமுறையில் கழற்றலாம் என்றிருந்தேன். அங்கேயும் அதே பழைய தகடு என்பதால் சீலிங் பக்கம் ஒட்டியிருப்பதைப் பெயர்க்காமல், சுவர்ப் பக்க விரிசலை மட்டும் நீளமாக வெட்டித் திறந்து, அதை சீலன்ட்டுக்கு விட்டுவிடலாமா என்று மாமா கேட்டார். பிளாஸ்டர் சீலிங்கைப் பிடித்துத் தொங்கும், சுவரை விட்டுவிடும். பழைய கால்வட்டக் கட்டை நின்ற மாதிரியே நிற்கும். கார்னிஸின் கனத்தை அந்தத் தகடு மட்டும் தாங்குமா என்பதுதான் கேள்வி. நேற்று ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.